மண்டபத்து மணலும் நீர்க்கரடியும்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுக் கூட்டம் என்றால் நம் சங்கத்தில் பறவைக் கணக்கெடுப்புதான் முதலில் வரும். இந்த முறை அதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: கணக்கெடுப்பு நடந்தது, பட்டியல் அலமாரியில் இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துப் பார்க்கலாம். உறுப்பினர்களில் பாதிப்பேர் இந்த ஆண்டு வானத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை எடுத்தால்தானே!

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குசாட் எனப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் மண்டபம் ஊர்க் கடற்கரை மணலில் கண்ட ஒரு நீர்க்கரடியை, அதாவது டார்டிகிரேட் எனப்படும் வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்பிராணியை, புதிய இனம் என்று 2023இல் விவரித்தார்கள். பக்கத்து ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமின் நினைவாக அதற்கு பேட்டிலிபீஸ் கலாமி என்று பெயர் வைத்தார்கள். 2025இல் இதே மண்டபத்திலிருந்து இன்னொன்று வந்தது. அது பேட்டிலிபீஸ் சந்திரயானி. செய்தி வந்த அன்றே, "நம்ம ஊர்ப் பிராணியை நாம பார்க்க வேண்டாமா?" என்று இளைய உறுப்பினர்கள் கேட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் செயற்குழுவால் வேறு எதையும் பேச முடியவில்லை.

கலாமியின் நீளம் 0.17 மில்லிமீட்டர், அகலம் 0.05. சந்திரயானி அதைவிடச் சிறியது: 0.15க்கு 0.04. உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். நான்கு ஜோடிக் கால்கள். தலையிலும் கால்களிலும் உணர்முட்கள். நீர்க்கரடிகளுக்கு நுரையீரலும் கிடையாது, செவுளும் கிடையாது, இரத்தக் குழாயும் கிடையாது. இந்த அளவு உடம்புக்கு ஆக்சிஜன் தோல் வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும். வாய்க்குள் இரண்டு கூரிய ஊசிகள். அவற்றால் இரையைக் குத்தி, தசைக் குமிழ் ஒன்றால் உறிஞ்சிக்கொள்ளும்.

பேட்டிலிபீஸ் பேரினத்தை அடையாளம் காட்டுவது பாதம். வளர்ந்த பிராணியின் ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் சிறு கரண்டி போல ஒரு தட்டு. அலை புரட்டிப் போடும் மணலில் அந்தத் தட்டுகளால்தான் மணியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. குஞ்சுக்கு விரல் நான்குதான். ஆகவே நான்கு விரலைப் பார்த்ததும் புது இனம் என்று யாரும் துள்ள வேண்டாம், அது சின்னப் பிள்ளை. இனம் பிரிப்பதற்கு விரல்களில் எது நீளம், எது குட்டை, பின்பக்க வால்முள் எப்படி, கால்களுக்கு இடையில் உடம்பின் ஓரம் எப்படிப் புடைத்திருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

எடுக்கும் முறையைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். இவை மணலின் மேல் வாழ்வதில்லை, மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள நீரில் வாழ்கின்றன. ஈர மணலை ஒரு கை அள்ளி வாளியில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் கலக்க வேண்டும். உப்பு சட்டென்று குறைந்ததும் அதிர்ந்துபோய்ப் பிடியை விட்டுவிடும். மணல் அடியில் தங்கும்போது மேல்தண்ணீரை மட்டும் மிக நுண்ணிய வலைத்துணியில் வடித்து, உடனே கடல்நீரில் அலசிவிட வேண்டும். இதில் தாமதித்தால் பிராணி செத்துவிடும். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடலில் வேலை பார்க்கலாம் என்பதால் நம் ஆட்களுக்கு ஓய்வே இல்லை. தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே கால் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது.

சரி, பார்த்தோமா? பார்த்தோம். ஒரு மணல்மணியின் விளிம்பைப் பிடித்தபடி, பின்னங்கால் ஜோடி மட்டும் வேறு திசையில் துழாவிக்கொண்டிருந்த ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பதிவேட்டில் 'பேட்டிலிபீஸ், இனம் தெரியவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறோம். கலாமி என்றே எழுதிவிடலாம் என்று சிலருக்கு வருத்தம். விரல்களை அளக்க, மிகவும் பெரிதாக்கிக் காட்டும் எண்ணெய் தோய்க்கும் லென்ஸ் வேண்டும். நம்முடைய லென்ஸ் ரிப்பேருக்குப் போய், வெளியூர்க் கடை ஒன்றில் மாதக் கணக்காகத் தூங்குகிறது. முன்பணம் வாங்கியவர் போனை எடுப்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பள்ளிகளில் நாம் நடத்திய நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, "இது சாகவே சாகாதாமே?" 2007இல் ரஷ்ய விண்வெளிக் கலம் ஒன்றில் போய் வெற்றிடத்தைத் தாங்கி வந்த நீர்க்கரடிகள் பாசியில் வாழ்பவை. காய்ந்தால் சுருண்டு, உயிரியக்கத்தை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும் வித்தை தரைவாசிகளுக்குத்தான் கைவந்தது. கடலில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. நம் வாளித் தண்ணீருக்கே தடுமாறுகிற பிராணிதான் இது. சந்திரயான் பெயரை வைத்ததால் நிலவுக்குப் போய் வாழும் என்று அர்த்தமில்லை.

பரவலைப் பற்றியும் கேட்கிறார்கள். பேட்டிலிபீஸ் பேரினம் உலகக் கடற்கரைகளில் பல இடங்களில் உண்டு. முதலில் விவரிக்கப்பட்ட பேட்டிலிபீஸ் மிரஸ் 1909இல் ஜெர்மனியின் கீல் பகுதியிலிருந்து வந்தது. நம் கிழக்குக் கரையில் 1960களிலேயே விசாகப்பட்டினத்து வால்டேர் மணலின் நுண்விலங்குகளை ஆராய்ந்திருக்கிறார்கள். குசாட் குழு 2021இல் விவரித்த இன்னொரு கடல் நீர்க்கரடியான ஸ்டைகார்க்டஸ் கேரளென்சிஸ், கேரளத்தின் வடகரைக் கடற்கரையிலிருந்து வந்தது. இந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பிராணி இருக்கும் இடத்தைவிட, வாளியோடு ஆள் போன இடம்தான் தெரிகிறது என்பது என் எண்ணம். வாலிநோக்கத்திலும் தொண்டியிலும் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வலைத்துணிக்கு ஆன செலவைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், அது பல ஆண்டுகளுக்கு உழைக்கும். மீன்பிடி ஓய்வு நாட்களில் மணல் எடுத்துக் கொடுத்த கடலோடிச் சகோதரர்களுக்கும், வகுப்பறையைத் திறந்துவிட்ட ஆசிரியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. ஒன்று, லென்ஸைத் திரும்பப் பெற இருவரை நேரில் அனுப்புவது, கிடைக்காவிட்டால் புதிது வாங்குவது. இரண்டு, தொண்டி வரை மாதம் ஒருமுறை மணல் பார்ப்பது, அதற்காகச் சந்தாவைச் சற்று உயர்த்துவது. இரண்டாவதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். முன்மொழிய விரும்புகிறவர் எழுந்து பேசலாம்.

செயலாளர்