என் மகனை உள்ளபடி அளந்து சொன்னவர்களுக்கு நன்றி

எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு போன இடத்தில், "இன்னும் தலை நிக்கலையே, டாக்டர்கிட்ட காட்டும்மா" என்று முதலில் சொன்ன அங்கன்வாடி அக்காவுக்கு வணக்கம். மூளை முடக்குவாதம் என்று தெரியவந்தது அப்படித்தான்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, "எப்போ நடப்பான்?" வட்டார வள மையத்திலிருந்து வந்த பிசியோ அக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை. இன்றைக்கு அவனால் என்ன முடிகிறது என்று பாயில் உட்கார்ந்து பார்த்தார். ஜிஎம்எஃப்எம் என்ற அந்த அளவீட்டில் படுத்துப் புரள்வதில் தொடங்கி ஓடிக் குதிப்பது வரை 88 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். செய்ய ஆரம்பித்தாலே 1 உண்டு. அந்த 1 எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா!

அந்தச் செயல்களில் ஒன்று, கையை ஊன்றாமல் 3 நொடி உட்கார வேண்டும். அக்கா ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் கிலுகிலுப்பையுமாக எதிரே குந்தியிருப்பார். வலது கையை எடுப்பான். இடது கையும் எழும்பும்போது முதுகு வளைந்து சாய்ந்துவிடுவான். "இன்னொரு தடவை, தங்கம்" என்பார். 3 நொடி தாண்டிய அன்று நோட்டில் எழுதி, முதலில் என் மாமியாரிடம்தான் காட்டினார்.

இந்தப் பிள்ளைகளின் உடல் இயக்கத் திறனைப் பிரிக்கும் ஐந்து நிலைகளில் (ஐந்தாவதுதான் மிகக் கடினமானது) இவன் நான்காவது என்று மழுப்பாமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். வயது ஏற ஏற இயக்கத் திறன் எப்படி வளரும் என்று காட்ட அவர் எடுத்து வைத்த வளர்ச்சிக் கோடுகள், கனடாவின் ஒன்டாரியோவில் 657 பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அளந்து, பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 2002-ல் வெளியிட்டவை. முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும், அளவெடுக்கத் தூக்கிக்கொண்டு போன பெற்றோருக்கும் என் கும்பிடு. நான்காம் நிலைக் கோடு சின்ன வயதில் வேகமாக ஏறி, சராசரியாக மூன்றரை வயது வாக்கிலேயே தன் எல்லையில் 90 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது; அதற்குப் பிறகு பெரிதாக ஏறாது. கேட்டு அழுதேன். ஆனால் அது தெரிந்ததால்தான், நடக்க வைக்கிறோம் என்று ஆசைகாட்டிப் பணம் கேட்டவர்கள் பக்கம் போகாமல் சக்கர நாற்காலிக்கு நேரத்தோடு எழுதிக் கொடுத்தோம். பயிற்சியை விடவில்லை. இடுப்பு மூட்டு விலகாமலும் தசை இறுகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

முதுகையும் இருபக்கமும் தாங்கி உட்கார வைக்கும் கார்னர் சேர் செய்து, அவன் வளர வளரப் பலகையை மாற்றித் தரும் ஆசாரி அண்ணன் இன்றுவரை கூலி வாங்கியதில்லை. சக்கர நாற்காலி நுழையும் உயரத்துக்கு மேசையை ஏற்றிவைத்த வகுப்பு டீச்சருக்கும் என் நன்றி.

இதே நிலையில் குழந்தை வைத்திருக்கும் அம்மா அப்பா யாராவது எங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால், அங்கன்வாடி அக்காவிடம் கேட்டு வீட்டுக்கு வாருங்கள். அவன் அளவீட்டு நோட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன்.

நன்றியுடன்,
அவன் அம்மா