டிக்கெட்ட மூட மட்டும் ஓடி வர்றீங்க, லைன யார் சரி பண்றது?

பெறுநர்: அப்பீல் அதிகாரி அவர்கள் (கஸ்டமர் கேருக்கும் நோடல் ஆபீசருக்கும் காப்பி)

பொருள்: வளசரவாக்கம் ஃபைபர் கனெக்ஷன், சரி ஆகாமயே "சரி ஆயிடுச்சு"ன்னு மூடப்பட்ட புகார்கள்

சார் / மேடம், வணக்கம்.

கஸ்டமர் ஐடி, பதிவு பண்ண மொபைல் நம்பர், நீங்க குடுத்த டாக்கெட் நம்பர் (புகார் நம்பர்) எல்லாத்தையும் தனி பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து இதோட வெச்சிருக்கேன். ஒரு பக்கம் பத்தல. பொறுமையா, மரியாதையா எழுதணும்னுதான் உக்காந்திருக்கேன், எவ்வளவு தூரம் முடியும்னு பாப்போம்.

பிரச்சினை என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. உங்க பாக்ஸ், உங்க கேபிள், உங்க பிளான். தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிச்சது, பாக்ஸ்ல சிக்னல் போச்சுன்னு காட்டுற லாஸ் லைட் செவப்பா மின்னும், அப்புறம் தானா பச்சை வரும், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி செவப்பு. லேசா தூறல் போட்டா சுத்தமா அவுட். வெளியில இருந்து வர்ற லைன்ல பவர் லோ, அவ்வளவுதான் விஷயம். மொதல்ல வந்த தம்பி மீட்டர் வெச்சு மைனஸ் 29ன்னு காட்டினான், "மைனஸ் 27க்கு கீழ போனா இந்த பாக்ஸ் தாங்காதுக்கா"ன்னு அவனே சொன்னான். பச்சை எரியும்போது அந்த ரீடிங் உங்க ஆபீஸ்ல உக்காந்த எடத்துலயே தெரியும்னும் சொன்னான். தெரியும்ல? அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவ ஃபோன் பண்ணும்போதும் "மேடம் ரவுட்டர ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க"ன்னு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க? அந்த சுவிட்ச்சே லூஸ் ஆயிடுச்சு சார்.

தெருமுனையில டீக்கடைக்கு மேல லைட் கம்பத்துல உங்க பாக்ஸ் தொங்குது. மூடி கெடையாது. மூடி இருக்க வேண்டிய எடத்துல ஏதோ கல்யாண பேனர கிழிச்சு சுத்தி சணல் போட்டு கட்டியிருக்கு, மாப்பிள்ள மூஞ்சி பாதி தெரியுது. அங்கேர்ந்து எங்க அபார்ட்மென்ட் வரைக்கும் வர்ற ஒயரு வேப்பமரக் கெளையில ரெண்டு சுத்து சுத்தி, எங்க பால்கனி கம்பியில மடங்கி, ஜன்னல் ஓட்டை வழியா உள்ள வருது. உள்ள இருக்கறது கண்ணாடி, வெளிச்சம் ஓடுற பாகம் வெறும் 9 மைக்ரான், மடக்கி கட்டினா வெளிச்சம் கசியும். கணக்கு எழுதுற பொம்பள நான், ஒரு ஃபைபர் கம்பெனிக்கே இத சொல்ல வேண்டியிருக்கு.

இப்போ உங்க ஆளுங்க வந்து என்ன பண்றாங்கன்னு சொல்றேன், ரெக்கார்டுல இது வராது. வர்றவர் வீட்டுக்குள்ள இருக்கற பாக்ஸ்லேர்ந்து அந்த பச்ச கலர் பின்ன உருவுவார், வேர்வையில நனைஞ்ச சட்டை நுனியில ஒரு தொடை தொடைப்பார், திருப்பி சொருகுவார். பச்சை எரியும். "அக்கா வந்துடுச்சு, ஓடிபி சொல்லுங்க." கம்பத்துல ஏறலையாப்பான்னு கேட்டா ஏணி இல்லக்கா. ஒயரு மாத்தலையான்னு கேட்டா ஸ்டாக் இல்லக்கா. நாளைக்கு வேற டீம் வந்து ஸ்ப்ளைசிங் (ஃபைபர ஒட்டுற வேலை) பண்ணுவாங்கக்கா, இப்போதைக்கு ஓடிபி குடுங்க, இல்லன்னா எனக்கு ஃபைன் போடுவாங்க. பாவம், அந்தப் பையன் மேல எனக்கு கோவம் இல்ல, தண்ணி குடிச்சிட்டுப் போப்பான்னு சொல்லித்தான் அனுப்பினேன். அவன் வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள லைட் செவப்பு. ஆனா மெசேஜ் வந்துடுச்சு, "உங்கள் புகார் வெற்றிகரமாக தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்." மார்க் போடுறதுக்கு லிங்க் வேற, அத தொறக்க நெட் வேணும். ஓடிபி குடுக்க மாட்டேன்னு ஒரு தடவ அடம் புடிச்சேன், "கஸ்டமர் வீட்டில் இல்லை"ன்னு போட்டு மூடிட்டாங்க. நான் வாசல்லயேதான் நிக்கறேன்!

இந்த மூடு விளையாட்டு எதுக்குன்னு எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது. டிராய், அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2006லயே பிராட்பேண்டுக்கு விதி போட்டுச்சு, கோளாறு 3 வேலை நாளைக்கு மேல போனா 7 நாள் வாடகைய கழிக்கணும், 7 நாள் தாண்டினா 15 நாள் வாடகை, 15 நாளும் தாண்டினா முழுசா ஒரு மாசம்னு அதுல இருந்துச்சு. 2024 அக்டோபர் 1லேர்ந்து அதுக்கு பதிலா புது விதி வந்துடுச்சு. ஆனா நீங்க ரெண்டாம் நாளே டிக்கெட்ட மூடிட்டு, நான் கத்தினதும் புதுசா ஒன்னு தொறந்தா நாள் கணக்கு திரும்ப ஒன்னுலேர்ந்து ஓடுது, எந்த டிக்கெட்டும் 3 நாள் தாண்டவே தாண்டாது, பேப்பர்ல பாத்தா நீங்க சூப்பர் கம்பெனி. கணக்குல இந்த மாதிரி தகிடுதத்தம் பண்ற ஆளுங்கள நான் தினம் பாக்கறேன் சார், என் தொழிலே அதான். என்கிட்டயே இது வேணாம்.

உங்க கஸ்டமர் கேர் சூப்பர்வைசர் விஷயத்துக்கு வர்றேன். பேரு போடல, உங்க ரெக்கார்டிங்ல இருக்கும், "பயிற்சி நோக்கத்திற்காக பதிவு செய்யப்படுகிறது"ன்னு ஒவ்வொரு தடவயும் சொல்றீங்கல்ல, எடுத்து கேளுங்க. அரை மணி நேரம் பாட்டு கேட்டு, நாலு பேர் கைமாறி, அப்புறம்தான் அவர் லைன்ல வந்தார். நான் மொதல்லேர்ந்து சொல்லி முடிக்கிற வரைக்கும் கீபோர்டு தட்டுற சத்தம்தான். அப்புறம் சொல்றார், "மேடம், உங்க ஏரியால வேற யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல, உங்களுக்கு மட்டும் எப்படி வருது?" ஏங்க, எனக்கு மட்டும் வருதுன்னா என் வீட்டுக்கு வர்ற ஒயருல கோளாறுன்னுதானே அர்த்தம், அதத்தானே இவ்வளவு நேரம் சொல்றேன்? அதுக்கு பதில் என்ன தெரியுமா? "கத்தாதீங்க மேடம். புடிக்கலன்னா வேற கனெக்ஷன் மாத்திக்கோங்க, உங்கள யாரும் புடிச்சு வெக்கல."

வருஷ பிளானுக்கு மொத்தப் பணத்தையும் முன்னாடியே வாங்கி வெச்சிருக்கீங்க, 18 சதவீதம் ஜிஎஸ்டியோட. அப்போ புடிச்சு வெச்சிருக்கறது யாரு? மீதிப் பணத்த திருப்பிக் குடுங்க மாத்திக்கறேன்னு சொன்னேன், "ரீஃபண்ட் பாலிசி இல்ல மேடம்"னு சொல்லிட்டு கட் பண்ணிட்டார். எங்க வீட்ல என் மாமனார்கூட என்கிட்ட அப்படி பேசினது கெடையாது.

ஒவ்வொரு தடவ ஒவ்வொரு காரணம். மழையாம். ஈபி ஷட்டவுனாம். கார்ப்பரேஷன்காரங்க கேபிள வெட்டிட்டாங்களாம். ரொம்ப புடிச்சது மெட்ரோ. ஆற்காடு ரோடுல கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ வேலை நடக்குதுதான், தூசி தின்னு தின்னு வாழ்ந்தவங்க நாங்க, அதுக்காக எங்க தெரு உள்ள, டீக்கடை கம்பத்துக்கும் என் பால்கனிக்கும் நடுவுல எந்த மெட்ரோ ஓடுது? கீழ் வீட்டுக்கும் இதே பாக்ஸ்லேர்ந்துதான் லைன் வருது, அவங்க பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் ஆடி கத்தறான். மெட்ரோ வெட்டியிருந்தா அவனுக்கும்ல போயிருக்கணும்?

ஆபீசுக்கு அலைஞ்ச கதை. பாக்ஸ எடுத்துட்டு அசோக் நகர் வாங்க, உடனே மாத்தித் தர்றோம்னு ஃபோன்ல சொன்னது உங்க ஆள்தான். பாக்ஸ், அடாப்டர், ஒயரு எல்லாத்தையும் துணிக்கடை கட்டைப்பையில போட்டு, நல்ல உச்சி வெயில்ல ஆட்டோ புடிச்சு, வடபழனி சிக்னல்ல நின்னு நின்னு போய் சேந்தேன். டோக்கன் குடுத்தாங்க. லன்ச் டைம் ஆயிடுச்சு. லன்ச் முடிஞ்சு அந்தப் பொண்ணு என் ஐடிய தட்டிப் பாத்துட்டு, "மேம், உங்க ஏரியா எங்களுக்கு வராது, போரூர் ஆபீஸ்ல பாருங்க" அப்படின்னுது. என் வீடு ரெண்டுக்கும் நடுவுல இருக்கு சார். வீட்ட தாண்டிக்கிட்டு போரூர் போனேன். ஷட்டர் மூடியிருக்கு, "அலுவலகம் இடம் மாற்றப்பட்டுள்ளது"ன்னு ஒரு பேப்பர். எங்க மாத்தியிருக்குன்னு ஒரு வார்த்த கெடையாது! பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என் கட்டைப்பைய பாத்ததுமே, "நெட் பாக்ஸாம்மா? தினம் நாலு பேர் வந்து கேக்கறாங்க"ன்னார். ஆட்டோவுக்கே அன்னிக்கு ஒரு மாச நெட் பில்லு போச்சு. பில்லு வெச்சிருக்கேன்னு சொல்ல மாட்டேன், சென்னை ஆட்டோல யாரு பில்லு குடுக்கறா.

நஷ்டம் பத்தி கேப்பீங்க. எங்க ஏரியா கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் நான் வீட்லேர்ந்துதான் போடறேன். மாசாமாசம் 20ஆம் தேதி 3பி-ங்கற மாச ரிட்டர்னுக்கு கடைசி நாள். அந்த 20ஆம் தேதி சாயங்காலம், ஹார்டுவேர் கடை அண்ணா ஃபோன்ல ஓடிபி சொல்றார், நான் நம்பர தட்டறேன், கடைசி பட்டன் அமுக்கற நேரத்துல செவப்பு. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டா போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கு, நம்ம போர்ட்டல் கடைசி நாள்ல எப்படி இருக்கும்னு உங்க அக்கவுன்ட்ஸ் ஆளுங்கள கேளுங்க. ஃபைல் ஆகல. லேட் ஃபீ ஒரு நாளைக்கு 50 ரூபா, வரிக்கு வட்டி 18 சதவீதம், அத என் கையிலேர்ந்து கட்டினேன், தொகை சின்னதா இருக்கலாம். ஆனா அந்த அண்ணா அடுத்த மாசம் வேற ஆள்கிட்ட போயிட்டார், அவர் மூலமா வரவேண்டிய கடைங்களும் போச்சு, பேரு போச்சு, எல்லாம் சேத்துப் பாத்தா எனக்கு லட்சக்கணக்குல நஷ்டம், என் பொழப்புலயே மண்ணு விழுந்துடுச்சு. டிவியும் இதே லைன்லதான். எங்க மாமா நியூஸ் பாக்காம சாப்பிட மாட்டார், அவர் பிபி ஏறினதுக்கும் நீங்கதான் பொறுப்பு.

உங்க சூப்பர்வைசர் இன்னொன்னும் சொன்னார், இப்போதான் ஞாபகம் வருது. டிராய்க்கு எழுதுவேன்னு சொன்னேன், சிரிச்சிட்டு, "டிராய் தனி ஆள் கம்ப்ளெயின்ட் எடுக்காது மேடம்"னார். எனக்கும் தெரியும். அதுக்குத்தான் 2012 விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்பீல் அதாரிட்டி வெக்கணும், காசு வாங்காம கேக்கணும், 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். அதனாலதான் உங்களுக்கு எழுதறேன். நீங்களும் கேக்கலன்னா தொலைத்தொடர்புத் துறையோட குறைதீர் போர்ட்டல் இருக்கு, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்கு. டெலிகாம் கேஸும் நுகர்வோர் கோர்ட்டுக்கு வரலாம்னு சுப்ரீம் கோர்ட் 2022லயே சொல்லிடுச்சு, 5 லட்சத்துக்குள்ள கட்டின சேவைக்கு அங்க ஃபீஸ்கூட கெடையாது. கேஸ் போட எனக்கு வக்கீலும் வேணாம், பேப்பர் வேலை எனக்குப் புதுசா?

ஆனா சத்தியமா எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல சார். தயவு செஞ்சு சொல்றேன், பெருசா எதுவும் கேக்கல. கம்பத்துலேர்ந்து வீடு வரைக்கும் புது ஒயரு, மரத்துல சுத்தாம. கம்பத்துல ஒழுங்கா ஸ்ப்ளைஸ், அந்த பாக்ஸுக்கு ஒரு மூடி. மீட்டர்ல மைனஸ் 20 கிட்ட வந்தத என் கண்ணால பாத்தப்புறம்தான் ஓடிபி. தீபாவளிக்கு முன்னாடி போட்ட மொத புகார் தேதியிலேர்ந்து கணக்கு பண்ணி வாடகை கழிவு, டிக்கெட் டிக்கெட்டா பிரிச்சு இல்ல. இது முடியலன்னா வருஷ பிளான்ல மீதி மாசத்துக்கு பணம், ஜிஎஸ்டியோட சேத்து. அப்புறம் அந்த சூப்பர்வைசர் எனக்கு ஃபோன் பண்ணி மன்னிப்பு கேக்கணும். மெயில்ல டெம்ப்ளேட் அனுப்ப வேணாம், "அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

அடுத்த 20ஆம் தேதிக்குள்ள லைன் நிக்கலன்னா 21ஆம் தேதி காலைல நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டுடுவேன், இத மிரட்டல்னு எடுத்தாலும் பரவால்ல. ஆள அனுப்பறதா இருந்தா ஏணியோட அனுப்புங்க, எங்க அபார்ட்மென்ட் ஏணிய செக்ரட்டரி பூட்டி வெச்சிருக்கார். பத்து மணிக்கு மேல எப்ப வந்தாலும் நான் வீட்லதான் இருப்பேன், வர்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணச் சொல்லுங்க, நெட் கால்ல கூப்பிட வேணாம், கிடைக்காது.

இப்படிக்கு,
முழு வருஷப் பணமும் முன்னாடியே கட்டின கஸ்டமர்,
வளசரவாக்கம், சென்னை