டிஸ்சார்ஜுக்குப் பிறகு அந்தக் காலுக்கு யார் பொறுப்பு?

சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

வார்டில் இருக்கும்வரை ஒரு காலை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்! ஒருவர் அழுகிய சதையை எடுக்கிறார், ஒருவர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறார், செவிலியர் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். அந்த உழைப்பால்தான் என் அப்பாவின் கால் தப்பியது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கையில் இருந்தது ஒரு தாள் மட்டுமே. 'இரண்டு வாரம் கழித்து வரவும்' என்று அதில் இருந்தது. யாரிடம், எந்தத் தேதியில் என்று இல்லை.

கட்டுப் போடும் முறையை வாய்வார்த்தையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அம்மா துணியைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. இது ஆறுகிறதா, கெட்டுப்போகிறதா? கேட்க ஆளில்லை. அப்பாவுக்கோ வலியே இல்லை. நரம்பு மரத்துப்போன காலில் வலியை நம்பியிருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களோ வலி இல்லை என்றால் சரியாகிவருகிறது என்றுதான் நினைப்பார்கள்.

'காலை ஊன்றாதீர்கள்' என்கிறீர்கள். கழிவறைக்கு எப்படிப் போவது? பாதத்தின் அடியில் உள்ள புண்ணுக்கு, அதன் மேல் அழுத்தம் விழாமல் காக்கும், கழற்ற முடியாத மாவுக்கட்டோ பூட்ஸோதான் முதல் தேர்வு என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கடுமையான தொற்றோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் அது ஒத்துவராது, சரி. அப்போது வேறு என்ன என்பதையாவது முடிவு செய்து, அதை மாட்டிவிட்டு அனுப்புங்கள். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் நடந்தே புண் பெரிதாகிவிடும்.

புண் மூடிய பிறகும் கதை முடிவதில்லை. ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது, ஐந்தாண்டுக்குள் சுமார் 65 சதவீதம் பேருக்கு. அதனால்தான் இவர்களின் பாதத்தை 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பழைய தழும்பின் மேல் காய்ப்பு தடிக்கும், அதற்கு அடியில் ரத்தம் கசிந்து கறுத்திருக்கும். அந்தக் கட்டத்தில் காய்ப்பைச் சீவி, அழுத்தம் குறைக்கும் செருப்பைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடுத்த அட்மிஷனைத் தவிர்க்கலாம். அந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். வெளியே போட்டுப் போகிறவர்கள்கூட வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஒரு தேதியும் பொறுப்பாளர் பெயரும் எழுதுங்கள். கட்டுப் போடப்போகிறவர் செவிலியர் முன்னால் ஒருமுறையாவது தன் கையால் போட்டுக் காட்டட்டும். சிவப்பு பரவுவது, நாற்றம், காய்ச்சல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, விரல் கறுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே வரவேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். கூடவே ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் யாராவது எடுக்கிற எண்ணாக.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்