வேடந்தாங்கலில் ஸ்கோப்பை இறக்கித் தந்த தம்பிக்கு

பொங்கல் லீவில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில், சக்கர நாற்காலியில் இருந்த என்னிடம், முக்காலியில் நின்ற தொலைநோக்கியைக் காட்டி, "சார், ஸ்கோப்புல பாக்குறீங்களா?" என்று கேட்ட தம்பிக்கு நன்றி. பெயர் கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்.

சின்ன வயதில் போலியோ. பறவைப் பித்து அதற்குப் பிறகு பிடித்தது, இன்னும் விடவில்லை. காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நடந்த நாளில் கண்காணிப்புக் கோபுரம்கூட ஏறியிருக்கிறேன். இப்போது தோளும் தளர்ந்துவிட்டது. பைனாகுலரைத் தூக்கினால் கை நடுங்குகிறது, நாரை எல்லாம் டான்ஸ் ஆடும்.

தம்பி ஸ்கோப் முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாகக் குறுக்கி என் கண் மட்டத்துக்கு இறக்கினார். ஒரு காலை என் இரு மிதிகட்டைகளுக்கும் நடுவே ஊன்றினார். பலர் கேட்காமலே நாற்காலியைத் தள்ளுவார்கள் (நல்ல எண்ணம்தான், ஆனால் எரிச்சல் வரும்). இவர் "பிரேக் போட்டிருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நத்தை குத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்குமே, அதன் வழியே பின்னால் இருந்த இலை தெரிந்தது! பிறகு கூழைக்கடாவின் கூட்டுப் பக்கம் திருப்பினார், குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

பொறுமையாகக் காத்திருந்த உங்கள் நண்பர்களுக்கும் நன்றி. மார்ச் வரை சீசன், மறுபடி வருவேன். டீ என் செலவு, தம்பி.