பிளாக்கரை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனநல மருத்துவர் சி.பி. பிளாக்கரை ஹிட்லர் வகையறா என்கிற மாதிரி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் நான். அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மக்கள்தொகை வளர்ச்சியின் ஐந்து கட்டங்கள் என்று கரும்பலகையில் நான் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தது, அவர் 1947இல் எழுதியதைத்தான். முதலில் பிறப்பும் இறப்பும் அதிகம், அப்புறம் இறப்பு குறையும், பிறகு பிறப்பும் குறையும், அதன்பின் இரண்டும் குறைவாகவே நிற்கும், கடைசியில் மக்கள்தொகையே தேயும். அவர் மனநல மருத்துவர் என்பதும், அதை எழுதியது இனமேம்பாடு பேசிய பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கத்தின் பத்திரிகையில் என்பதும் ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரியும்!

1895இல் பாரிஸில் பிறந்தவர் பிளாக்கர். அப்பா எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் நண்பர். முதல் உலகப் போரில் சண்டையிட்டு மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கினார். தம்பியை அந்தப் போரிலேயே பறிகொடுத்தார். பிறகு மருத்துவம் படித்து லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் சேர்ந்தார். 1931 முதல் 1952 வரை யூஜெனிக்ஸ் சங்கத்தின் பொதுச் செயலாளரும் அவரே. நல்ல பரம்பரை பெருக வேண்டும், 'குறையுள்ள' பரம்பரை குறைய வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் கொள்கை.

கட்டுரையாளர் சறுக்குவது இங்கேதான். 1933இல் ஜெர்மனி கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தபோது பிளாக்கர் அதை ஏற்கவில்லை. விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்பதுதான் அவர் நிலை. அந்த ஜெர்மன் சட்டத்தில் சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள். 1952இல் நாஜி மருத்துவர்கள் மனிதர்கள் மேல் நடத்திய சோதனைகளைப் பற்றித் தன் சங்கத்துப் பத்திரிகையிலேயே எழுதியவரும் பிளாக்கர்தான். ஹிட்லரோடு அவரைச் சேர்ப்பது தப்பு. அப்படிச் சேர்த்துவிட்டால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

அந்த 'விருப்பம்' யாருடையது? 1931 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விருப்பக் கருத்தடை மசோதா ஒன்று வந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது அது. தொழிற்கட்சி உறுப்பினரும் மருத்துவருமான மார்கன், இது உழைக்கும் மக்கள் மேல் பாய்கிற சட்டம் என்று எதிர்த்தார். 167க்கு 89 என்று மசோதா தோற்றது. 1934இல் அரசு அமைத்த பிராக் குழு மறுபடியும் பரிந்துரைத்தும் சட்டமாகவில்லை. மனவளர்ச்சி குன்றியவர் என்று பூட்டிய விடுதியில் வருடக்கணக்காக இருப்பவரிடம் போய், கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டால் என்ன சொல்வார்? நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டுகிற படிவத்தையே எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்? தினம் வார்டுக்குள் நடந்த ஒரு மனநல மருத்துவருக்கு இது புரியாமல் இருந்திருக்காது.

அப்புறம் பம்பாய். சர்வதேசக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பு 1952இல் அங்கேதான் உருவானது. கருத்தடைக்காக இயக்கம் நடத்திய அமெரிக்கர் மார்கரெட் சாங்கரும் நம் நாட்டின் தன்வந்தி ராமராவும் முன்னின்றார்கள். ஆனால் லண்டனில் அதன் அலுவலகம் ஆரம்பத்தில் இருந்தது யூஜெனிக்ஸ் சங்கத்தின் கட்டடத்தில். போருக்குப் பிறகு யூஜெனிக்ஸ் என்ற சொல்லே நாறிப்போயிருந்தது. 1950களில் பிளாக்கர் ஒரு யோசனை சொன்னார்: அந்தப் பெயரை வெளியே சொல்லாமல், அதே நோக்கத்தை மறைமுகமாக நடத்தலாம். 1960 பிப்ரவரியில் சங்கம் அதை ஏற்று, குடும்பத் திட்ட அமைப்புகளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கூட்டவும் முடிவு செய்தது. கட்டுரையில் இருந்திருக்க வேண்டியது இந்தத் தீர்மானம்தான். இதில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

இதனால் கருத்தடையே சதி என்று நான் சொல்லவில்லை. நானே ஆபரேஷன் செய்துகொண்டவன், மனைவிக்கு அந்தக் கஷ்டம் வேண்டாமென்று. 1960களில் பிரிட்டனில் ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசெக்டமி பரவ உழைத்தவர்களில் அதே பிளாக்கரும் உண்டு. அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தாங்களாகக் கேட்டு வந்தவர்கள், வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள். விடுதிவாசிகளின் கதை அப்படியில்லை.

இன்னொரு சின்ன விஷயம். யூஜெனிக்ஸ் சங்கம் இன்னும் இருப்பதாகக் கட்டுரையில் வருகிறது. 1989லேயே கால்டன் இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 2021இல் அதையும் மாற்றி அடெல்ஃபி ஜெனெடிக்ஸ் ஃபோரம் ஆக்கிவிட்டார்கள். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தேவகோட்டை