செம்மணிக்கு அம்மாமாரை மறுபடி அழைக்கும் முன்

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் தவிசாளருக்கும் ஆணையாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தியில், மனிதப் புதைகுழிகளிலிருந்து எடுத்த உடைகளையும் பொருட்களையும் நீதிமன்றக் கட்டளைப்படி மக்களின் பார்வைக்கு வைத்தார்கள். செருப்பு, வளையல், புத்தகப்பை, பொம்மை, பால்போத்தல். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளையினது ஏதும் அதில் இருக்கிறதா என்று பார்க்க உறவினர்கள் வந்தார்கள். அடையாளம் காண இப்படி ஒரு வழி வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கணக்குப் பார்க்கவும் இதை எழுதவில்லை. அடுத்த முறை ஒரு தாய் அப்படிப் பார்க்கப் போகும்போது அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்? பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிறகு அவரைத் தேடி யார் போவார்? இதுதான் என் கேள்வி.

இது தயவு கேட்பதல்ல. உங்கள் அலுவலகத்தை உருவாக்கிய 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்திலேயே, உறவினர்களுக்கு உளசமூக ஆதரவு கிடைக்கச் செய்வதும் உங்கள் பணி என்று இருக்கிறது.

செத்த வீடு என்றால் ஊருக்கு என்ன செய்வதென்று தெரியும். பந்தல் போடும், சமைத்துக் கொண்டுவரும், எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டுக்கு அந்த வழியே இல்லை. ஆடி அமாவாசைக்கு மகன் கீரிமலைக்குப் போய்த் தகப்பனுக்குப் பிண்டம் போடலாமா? போட்டால் அப்பாவைச் சாகக் கொடுத்த மாதிரி, போடாவிட்டால் கடமை தவறிய மாதிரி. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. கலியாண வீட்டில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடலாமா என்று சொந்தக்காரர்களே தயங்குவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்தபோது இந்த நிலையைத்தான் கண்டார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் ஓரிடத்தில் உறைந்து நின்றுவிடும் என்றார். அது அந்தப் பெண்ணின் மூளைக் கோளாறு அல்ல, அவர் வைக்கப்பட்டிருக்கும் நிலைமையின் கோளாறு என்பதும் பாஸ் சொன்னதுதான். நமது கிளினிக்குகளில் நித்திரைக் குளிசையோடு திருப்பி அனுப்பப்படும் அம்மாமாரை நினைத்தால் இதன் அருமை புரியும். குளிசை சில பேருக்குத் தேவைதான். ஆனால் 'பிள்ளை எங்கே' என்ற கேள்விக்குக் குளிசை இல்லை.

உங்கள் ஆட்கள் உதவி என்று வரும்போது கதவு ஏன் திறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடந்ததை அம்மாமார் ஜனாதிபதி சந்திரிகா காலத்து விசாரணை ஆணைக்குழுக்களில் சொன்னார்கள். போர் முடிந்தபின் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு வந்தது, அதிலும் சொன்னார்கள். 2013இல் காணாமற்போனோர் பற்றிய பரணகம ஆணைக்குழு, அங்கும். அப்புறம் உங்களிடம். இடையில் புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து கேட்டதற்கும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து: எத்தனை மணிக்கு, என்ன நிறச் சேர்ட், யார் கையில் ஒப்படைத்தீர்கள். போர் முடிவில் பிள்ளையை ஓமந்தையிலோ வட்டுவாகலிலோ படையினரிடம் தன் கையாலேயே ஒப்படைத்த தாயிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பது விசாரணை அல்ல, தண்டனை. பழைய சாட்சியங்களை எடுத்து வாசியுங்கள். குறைவதை மட்டும் கேளுங்கள்.

காசும் இதில் குழப்பம் செய்தது. 2022இல் ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவு செய்தது, பிறகு அதை 2 லட்சம் ஆக்கியது. 'காசைத் தந்து வாயை மூடப் பார்க்கிறார்கள்' என்று அம்மாமார் சொன்னார்கள். வறுமையில் அதை வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு, ஆள் காணாமற்போனதற்கான சான்றிதழ், ஆறுதல் மூன்றும் ஒரே கோப்பில், ஒரே அதிகாரியின் கையில் வந்தால் ஆறுதலும் வாய்ப்பூட்டாகத்தான் தெரியும். ஆகவே உளவளத்துணையை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்து வையுங்கள். அதைப் பெறுவதற்கு எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது. அங்கே பேசியது விசாரணைக் கோப்புக்குப் போகக் கூடாது. 'இனி மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ அம்மா' என்ற வசனத்தை உங்கள் பயிற்சியிலிருந்தே எடுத்துவிடுங்கள். இறந்துவிட்டான் என்று அவரை ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் வேலையும் அல்ல, உளவளத்துணையாளரின் வேலையும் அல்ல.

அம்மாமார் சாத்திரம் கேட்கப் போகிறார்கள் என்று படித்தவர்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சாத்திரக்காரர் உட்காரச் சொல்லி, பிள்ளையின் பெயரைக் கேட்டு, முழுவதையும் காதுகொடுத்துக் கேட்கிறார். எத்தனை அலுவலகத்தில் அது நடந்தது?

மன்னாரையும் நினைவில் வையுங்கள். 2018இல் அங்கே சதொச கடை வளாகத்தில் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. மாதக் கணக்கில் அந்த மதிலடியில் காத்துக் கிடந்தவர்களுக்கு, 2019 மார்ச்சில் காபன் பரிசோதனை முடிவு வந்தது: எலும்புகள் பல நூற்றாண்டு பழையவை. தங்கள் பிள்ளை அதில் இல்லை என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லத் தெரியாத நிலை அது. செம்மணியிலும் முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியிலும் முடிவுகள் வரும்போது 'பொருந்தவில்லை' என்ற பதிலும் ஒரு அடிதான். அதைத் தபாலிலோ தொலைக்காட்சியிலோ அவர்கள் அறியக் கூடாது. தமிழில் பேசத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போய், மரபணுச் சோதனை என்றால் என்ன, ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்பதிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். குடும்பச் சண்டையும் தற்கொலை முயற்சியும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் ஏற்கெனவே அவர்கள் தலையில்தான், சரி. ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்தே ஆட்களைத் தெரிவுசெய்து பயிற்சி கொடுக்கலாம். ஒருவரோடு ஒருவர் இருந்து பழகியவர்கள் அவர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டக் கொட்டகையே அவர்களுக்கு ஒரு வகையில் ஆறுதல் கூடமாகவும் இருந்தது. அங்கே இருந்த பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

பிள்ளைகளை யாரும் கேட்பதே இல்லை. 2009இல் ஐந்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. அண்ணனின் படத்தோடு தெருவில் நிற்கும் அம்மாவின் கையைப் பிடித்து வளர்ந்தவர்கள். அம்மாவின் நேரமெல்லாம் காணாத பிள்ளைக்கே போய்விட்டது என்ற கோபமும், அப்படி நினைத்ததற்கான குற்ற உணர்வும் அவர்களிடம் இருக்கும். இதைத் தாயிடம் சொல்ல முடியாது. இரண்டையும் சொல்வதற்கு அவர்களுக்குத் தனியான இடம் வேண்டும். தெற்கில் 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரின் வீடுகளிலும் இதே கதைதான். உங்கள் மாத்தறை அலுவலகம் அதை அறியும்.

ஆகவே, அடுத்த முறை உடைகளையோ எலும்புகளையோ அடையாளம் காட்ட அழைக்கும் அறிவித்தலிலேயே மூன்று விடயங்களை எழுதுங்கள்: உடன் நிற்பவர்கள் யார், சீருடைக்காரரும் புலனாய்வுக்காரரும் எங்கே நிற்பார்கள், முடிவை யார், எப்படிச் சொல்வார்கள். அந்த அறிவித்தலை வெளியிடும் முன் உறவினர் சங்கங்களோடு தமிழில் இருந்து பேசுங்கள். இந்த மடலுக்கான பதிலையும் அவர்களுக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒருவர்