கையெழுத்திடும் முன் எங்கள் கையில் கொடுங்கள்: அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நன்கொடையாளர் கணக்குகளைப் பேணுவதற்குப் புதிய மென்பொருள் ஒன்றை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வாங்க முடிவாகிவிட்டது என்பதும், அடுத்த கூட்டத்தில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவிருக்கிறது என்பதும் கோத்தகிரி அலுவலகத்தில் இருக்கும் எங்களுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பின் வழியாகத்தான் தெரியவந்தன. இது குறித்து இருமுறை எழுத்து மூலம் விண்ணப்பித்தேன், பதில் வரவில்லை. நம் அறக்கட்டளைக்குக் கொடுப்பவர்களுக்கும் இந்த முடிவில் பங்கு உண்டு என்பதால், இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: ரசீது எழுதுகிற எங்கள் கையில் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்காமல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இப்போதுள்ள மென்பொருள் எப்படி வந்தது, அதற்கு எவ்வளவு செலவானது என்பதெல்லாம் தாங்கள் அறிந்தவை. அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் கடந்த மே மாதம் நம் அலுவலக மேசையில் நடந்தது குழுவின் காதுக்கு முழுமையாக வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, தன் கணவரின் கடைசி மாதங்களில் நம் செவிலியர்கள் வீடு தேடி வந்து பார்த்துக்கொண்ட நன்றிக்காக, ஓய்வூதியம் வாங்கும் நாளில் மாதந்தோறும் 200 ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறார். மே மாதம் அவருடைய கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. ஓராண்டாகத் தங்களிடமிருந்து நன்கொடை வரவில்லை, ஆதரவைப் புதுப்பியுங்கள் என்பது அதன் பொருள். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை படித்துச் சொன்னதும், கட்டபெட்டுக்கு அப்பாலிருந்து பேருந்து பிடித்து வந்துவிட்டார். மஞ்சள் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்து, 29 ரசீதுகளையும் ஒவ்வொன்றாக மடிப்பு நீவி என் மேசைமேல் வரிசையாக அடுக்கினார். பிறகு கேட்டார்: “ஏன் கண்ணு, நான் குடுத்தது ஒண்ணுமே கணக்குல ஏறலையா? அப்ப அந்தப் பணம் யாருகிட்டப் போச்சு?”

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, கவலைதான் இருந்தது. ஆனாலும் 11 ஆண்டுகள் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைக் கேட்டபோது உடம்பு கூசியது.

பணம் எங்கும் போகவில்லை. மென்பொருளில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அந்த அம்மாவின் பெயர் ஒரே சொல். குடும்ப அட்டையில் அவருக்குத் தந்தையின் முன்னெழுத்து, ஆதாரில் கணவரின் பெயர். எங்களில் ஒருவர் இரண்டாவது கட்டத்தில் முன்னெழுத்தை இட்டார், இன்னொருவர் கணவர் பெயரை இட்டார், வேலை நெருக்கடியில் மூன்றாமவர் வெறும் புள்ளியை வைத்தார். லட்சுமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த அம்மாவின் பெயரும் அப்படிப்பட்டதுதான். மென்பொருளின் கணக்கில் அவர் மூன்று பேராகிவிட்டார். கைப்பேசி எண் முதல் பதிவில் இருந்தது, பணம் மற்ற இரண்டு பதிவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் பதிவைப் பார்த்த மென்பொருள், இவர் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று முடிவு செய்து செய்தி அனுப்பிவிட்டது.

விற்ற நிறுவனத்தார் இதைப் பயனர் தவறு என்றார்கள். குழுவும் அதை ஏற்று என்னிடம் விளக்கம் கேட்டது, எழுதிக் கொடுத்தேன். அந்த விளக்கம் குழுவின் முன் வைக்கப்பட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. குடும்பப் பெயரே இல்லாத ஓர் ஊரில், குடும்பப் பெயர் இல்லாமல் ஓரடி நகராத மென்பொருளை வாங்கியது எங்கள் தவறு அல்ல என்பதை மட்டும் பணிவோடு பதிவு செய்கிறேன்.

அது மே மாதமாகவும் அமைந்துவிட்டது. 2021-22 நிதியாண்டு முதல், 80ஜி சலுகைக்குரிய (கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும்) நன்கொடை பெறும் அமைப்புகள், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை அடையாள எண்ணோடு 10பிடி படிவத்தில் மே 31க்குள் வருமான வரித் துறையின் தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதன் பிறகே கொடுத்தவருக்கு, வரிக் கழிவு கேட்கத் தேவையான 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர முடியும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் 10,000 முதல் 1,00,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. ஒரு நாளுக்கு 200 ரூபாய் என்பது அந்த அம்மாவின் ஒரு மாதக் கொடை. நம் மென்பொருளுக்கு ஆண்டென்றால் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான பட்டியலை அது தராது. அதனால் இரண்டு ஆண்டுக் கோப்புகளையும் எக்செலில் இறக்கி, ஒரே ஆள் பலராகப் பிரிந்துகிடக்கும் பதிவுகளைப் பழைய ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, மூன்று பேர் பத்து இரவுகள் உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் கையால் கட்டினோம். கெடுவுக்குள் ஏற்றிவிட்டோம். ஆனால் அந்தப் பத்து நாட்களும் இந்த வேலைக்காகவே வாங்கிய மென்பொருள் பக்கத்தில் சும்மா கிடந்தது.

புதியதற்கு நடந்த டெமோவில் ரசீது மிக அழகாக அச்சானது என்று கேள்விப்பட்டேன். அது ஆங்கில ரசீது. தமிழில் ஒன்றை அச்சிட்டுக் காட்டும்படி யாராவது கேட்டீர்களா? இப்போதுள்ளதில் ‘கொடை’ என்று தட்டினால் திரையில் சரியாகவே தெரியும். பிடிஎஃப் கோப்பாக மாறியதும் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து, இடையில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று வந்து நிற்கும். எழுத்துருவை மாற்றினால் சரியாகும் என்பார்கள். மாற்றிப் பார்த்தோம், ஆகவில்லை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் கொம்பு ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; அதை முன்னால் கொண்டுவந்து கோக்கும் வேலை, அச்சுக்கோப்பை உருவாக்கும் நிரலுடையது. அந்த வேலை தெரியாத நிரலிடம் எந்த எழுத்துருவைக் கொடுத்தும் பயனில்லை. ஆகவே, கணினி ரசீதில் பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டு, இன்றும் பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம். ஒரே ஒரு ரசீதைத் தமிழில் அச்சிட்டுப் பார்த்திருந்தால் இது விலை பேசும்போதே தெரிந்திருக்கும்.

மழையைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் நம் மாவட்டத்து அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, உதவி செய்ய மக்கள் தேடி வந்ததும் அந்த நாட்களில்தான், மின்சாரமும் இணையமும் இல்லாமல் போனதும் அந்த நாட்களில்தான். அப்போது கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் கைகொடுத்தது. இணையம் இருந்தால் மட்டுமே இயங்கும் மென்பொருள் வந்த பிறகு, புத்தகத்தில் எழுதியதைப் பின்னர் ஏற்றப் போனால் அது பழைய தேதியை ஏற்காது, தன் விருப்பப்படி வேறு ரசீது எண் ஒன்றைத் தருகிறது. ஒரே பணத்துக்கு இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்துத் தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்களே.

இன்னொன்று, எங்களைக் கேட்டால்தான் தெரியும். நம் ஊர்களிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் பலர் நமக்கு அனுப்புகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவைச் சேர்ந்த இன்னொருவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அது புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஆக, பணம் வாங்கும் பக்கம் கேட்க வேண்டியது கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை அல்ல, எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. புதிய மென்பொருள் இதைக் கேட்குமா என்று விற்பனைப் பிரதிநிதியிடம் தொலைபேசியில் விசாரித்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்காக நான் வாதாடவில்லை. நன்கொடையாளர் பதிவுகளுக்கான சிவிசிஆர்எம், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு 10 உரிமங்களை இலவசமாகத் தருகிறது. நமக்கேற்ப அமைத்துக்கொள்ளத்தான் செலவு. எதை வாங்கினாலும் மூன்றாண்டு முடிந்து நாம் விலக நினைத்தால் நம் பதிவுகள் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும், அதுவரை அவை யாருடைய காவலில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இந்தத் துறையில் பெரிய பெயரான பிளாக்பாட் நிறுவனத்திடமிருந்தே 2020இல் நன்கொடையாளர் தகவல்கள் களவுபோயின. 2023இல் 49 அமெரிக்க மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் 4.95 கோடி டாலர் தர அந்நிறுவனம் உடன்பட்டது. நம் பதிவுகளில் கொடுப்பவர் பெயருக்குப் பக்கத்திலேயே, யாருடைய நோயின் நினைவாகக் கொடுக்கிறார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மலையில் நடக்கும் வேலைக்கான முடிவுகள் சமவெளியில் எடுக்கப்படுகின்றன. வாகனம் வாங்கும்போது ஓட்டுநரைக் கேட்கவில்லை. கட்டபெட்டு இறக்கத்தில் அது படும் பாட்டை அவர்தான் படுகிறார். மருந்துப் பெட்டி வாங்கும்போது அதைத் தோளில் சுமந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளுக்கு ஏறும் செவிலியரைக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பயிற்சி என்று எங்களை அழைக்கிறீர்கள். நிதி தருபவர்களும் வண்ண வண்ண வரைபடங்களோடு அறிக்கை கேட்கிறார்கள். அந்த எண்களைச் சரியாக ஏற்றும் ஆளுக்குச் சம்பளம் தருவதை நிர்வாகச் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள்.

சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். குழுவினர் ஊதியமின்றி இந்த அறக்கட்டளைக்காக உழைக்கிறீர்கள் என்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

நான் கேட்பது செலவில்லாதது. நம் பதிவேட்டிலிருந்து 50 பதிவுகளை நாங்கள் எடுத்துத் தருகிறோம்: ஒற்றைச் சொல் பெயர்கள், ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்ட இருவர், லயனில் எல்லோரும் பத்து ரூபாய் போட்டு ஒருவர் பெயரில் கட்டும் கூட்டுக்கொடை, பெயரே இல்லாமல் பரிவர்த்தனை எண்ணோடு மட்டும் வரும் யுபிஐ பணம். நாங்கள் மூவரும் தணிக்கையாளரும் அவற்றை ஏற்றிப் பார்க்கிறோம். தமிழ் ரசீது அச்சிட்டுப் பார்க்கிறோம். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முழு நாள் வேலை செய்து பார்க்கிறோம். சென்ற ஆண்டின் 10பிடி பட்டியலை அதிலிருந்து எடுத்து, நாங்கள் கையால் கட்டியதோடு ஒப்பிடுகிறோம். விற்பவர் தன் பொருளின்மேல் நம்பிக்கை உள்ளவர் என்றால் இந்த ஒரு மாதத்தை மறுக்க மாட்டார்.

அந்த அம்மா ஜூன் மாதமும் வந்தார். 200 ரூபாயைக் கொடுத்துவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். ரசீதை நீட்டியதும் வாங்கிக்கொள்ளாமல், “எம்பேரு சரியா இருக்கா, படிச்சுச் சொல்லு கண்ணு” என்றார். இதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை. படித்துச் சொன்னேன். அதன் பிறகே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெயரைப் புதிய மென்பொருளில் நானே ஒருமுறை தட்டிப் பார்க்க அனுமதி தாருங்கள். அதுவரை கையெழுத்தைத் தள்ளிவைக்குமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரசீதுப் பிரிவுப் பணியாளர்,
கோத்தகிரி அலுவலகம்,
நீலகிரி மாவட்டம்.